ஊசியோடு இருபது நிமிடம்

நாகபூசணி அங்கே வேலைக்குச் சேர்ந்தது தரை துடைக்கத்தான். இத்தாலியில், பலெர்மோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், சீனக் கடைகள் நிறைந்த தெருவில், ஒரு மேல்மாடியில் லின் என்ற டொத்தொரேஸா, பெண் டொக்டர், மருத்துவம் பார்த்துவந்தார். லின் பலெர்மோவிலேயே பிறந்து, இங்கேயே டொக்டருக்குப் படித்து, பிறகு பெற்றோரின் ஊருக்குப் போய் அக்குபங்சரும் கற்றுக்கொண்டு வந்தவர். ஒருநாள் கழுத்துப் பிடிப்போடு வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, ஊசியைப் பார்த்ததும் செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடிவிட்டாள். துடைப்பத்தை விட்டுவிட்டுப் பின்னால் ஓடிப் பிடித்துவந்தது நாகபூசணிதான். "பிள்ளை, அது தலைமயிர் தடிப்புத்தான். குத்தினதே தெரியாது" என்று சொல்லிச் சொல்லி அவளைக் கட்டிலில் ஏற்றினாள். அன்றிலிருந்து தமிழர் யார் வந்தாலும் அவளைத்தான் லின் கூப்பிடுவார். டொக்டர் என்ன கேட்பார், அதற்கு எங்கள் ஆட்கள் எப்படி மழுப்புவார்கள் என்பதெல்லாம் இரண்டு வருடத்தில் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

பெப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கதவைத் திறந்துகொண்டு வந்தவரை மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை. வந்தவர் அருளையா.

அவரை அவள் நேரில் கண்டதில்லை. மகள் பிரசாந்தினியின் போனில் படமாகத்தான் பார்த்திருந்தாள். பிரசாந்தினியும் அருளையாவின் மகன் றோபேட்டும் கல்யாணம் செய்வதென்று முடிவெடுத்து, ஆறு மாதத்துக்கு முன்னால் இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். மன்னார்க் கத்தோலிக்கரான அருளையா, "பெட்டை ஞானஸ்நானம் எடுக்கட்டும், பேந்து கதைப்பம்" என்றார். அது காதில் விழுந்ததும் சைவக்காரியான நாகபூசணி, "அப்பிடியெண்டால் அவர் கதைக்கவே வேண்டாம்" என்று சொல்லியனுப்பினாள். அதோடு பேச்சு நின்றுபோனது. பிள்ளைகள் இரண்டும் சண்டை பிடிக்கவுமில்லை, பிரியவுமில்லை. பேசாமல் காத்திருந்தன.

அருளையாவும் அவளை அடையாளம் கண்டுகொண்டார். திரும்பிப் போய்விடத்தான் நினைத்தார் போலிருந்தது. ஆனால் திரும்ப முடியவில்லை. பிரான்காச்சோப் பகுதியில் தளபாடப் பட்டறையில் அலுமாரி தூக்குகிறவர். முதல்நாள் தூக்கிய அலுமாரியோடு முதுகின் அடிப்பக்கம், நாரி, பிடித்துக்கொண்டுவிட்டது. கதவுப் பிடியைப் பிடித்தபடி முன்பக்கமாக மடிந்து நின்றார்.

"உள்ளுக்கு வந்து இருங்கோ அண்ணை," என்றாள் நாகபூசணி.

"இருக்க ஏலாது."

"அப்ப நில்லுங்கோ."

லின் அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார். இருபத்திரண்டு வருடமாகப் பட்டறைக்குள்ளேயே இருந்தவருக்கு 'தூக்கு', 'இறக்கு', 'கவனம், கண்ணாடி' என்பதற்கு மேல் இத்தாலியன் அதிகம் தேவைப்பட்டதில்லை. டொக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் ஆமென்று, "சீ, சீ" என்று தலையாட்டினார். லின்னுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று கேட்டுப் பார்த்தார். அதற்கும் "சீ" என்றார் அருளையா.

லின் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாகபூசணியைக் கூப்பிட்டார். அவர் விரும்பினால் மட்டும் நின்று மொழிபெயர்க்கும்படி சொன்னார். நாகபூசணி அருளையாவைப் பார்த்தாள்.

"நான் நிண்டு சொல்லவோ அண்ணை? இல்லாட்டி இன்னொரு நாளைக்கு உங்கடை ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாறியளோ? இஞ்சை கேக்கிறது என்ரை வாயாலை வெளியிலை போகாது."

அருளையா கதவுப் பக்கம் திரும்பப் பார்த்தார். வலி ஒருமுறை வந்து இழுத்தது. "சொல்லுங்கோ," என்றார்.

நாரிப்பிடிப்போடு வந்த மனிதரிடம் ஏன் இவ்வளவு கேட்கிறார்கள் என்று முதன்முதல் வருகிற எல்லாருக்குமே ஆச்சரியமாக இருக்கும். நித்திரை எப்படி, எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது, சாப்பாடு செமிக்கிறதா, கை கால் குளிருமா, தினமும் வெளிக்குப் போகிறதா என்று லின் ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்வியைச் சம்பந்தியாக வரவேண்டிய ஒருத்தியின் வாயால் கேட்க நேர்ந்தபோது அருளையாவின் காது இரண்டும் சிவந்துபோயின. நாகபூசணி கண்ணைச் சன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு நாளைக்கு ஒருக்கா" என்றார். அதைச் சொன்ன பிறகு அவருக்கு வேறு எதைச் சொல்வதும் லேசாகிவிட்டது; இரவில் நித்திரை முறிந்து முறிந்து போவதையும் சொன்னார்.

பிறகு லின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். இரண்டு கையிலும் மூன்று விரல் வைத்து நாடியைப் பார்த்தார். இறுக்கிக் கட்டிய கம்பி மாதிரி இருக்கிறதாம், எத்தனை நாளாக நித்திரை இப்படி என்று கேட்டார்.

"ஆறு மாசம்."

"ஆறு மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது?"

நாகபூசணி கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

"ஒண்டுமில்லை," என்றார் அருளையா.

"ஒன்றுமில்லையாம்," என்று அவள் லின்னிடம் சொன்னாள்.

லின் ஒளிக்காமல் பேசுகிறவர். இது மந்திரமில்லை என்றார். காலில் விறைப்பு வந்தாலோ, சிறுநீர் போவது கஷ்டமானாலோ இங்கே வரக்கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். குடும்ப டொக்டர் தந்த குளிசையை நினைத்தபடி நிறுத்தக்கூடாது. எட்டுத் தடவை வரவேண்டியிருக்கும், நாலாவது தடவைக்குள் சுகம் தெரியாவிட்டால் நானே நிறுத்தச் சொல்லிவிடுவேன் என்றும் சொன்னார். பிறகு ஊசிகளை எடுத்தார். கட்டிலின் தலைப்பக்கம் முகம் வைக்க வட்டமாக ஓட்டை இருந்தது. அருளையா அதில் முகத்தைப் புதைத்துக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, முழங்காலுக்குப் பின்னால் முதல் ஊசி ஏறி நெடுநேரத்துக்குப் பிறகு, "எப்ப குத்தப்போறா?" என்று கேட்டார்.

"ஆறு குத்தியாச்சு அண்ணை."

"நோகேல்லை. பாரமாய்க் கிடக்கு. உள்ளுக்குள்ளை கரண்ட் ஓடுற மாதிரி."

அப்படித்தான் இருக்கவேண்டும் என்றார் லின். இருபது நிமிடம் கழித்து ஊசிகளைக் கழற்றியபோது அருளையா முழுக்க நிமிரவில்லை. ஆனால் எழுந்து இருந்தார். இன்றைக்குப் பாரம் தூக்கவேண்டாம், உடம்பு அசதியாக இருக்கும், நேரத்தோடு படுக்கட்டும் என்று லின் சொன்னதை நாகபூசணி அப்படியே சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"கோவத்தையும் குறைக்கட்டாம். பிடிவாதம் நாரியிலைதான் போய் இறங்குமாம்."

அருளையா சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அவ அதைச் சொல்லேல்லை."

நாகபூசணி துவாயை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"கோவத்துக்கு 'றாப்பியா' எண்டுதானே சொல்லுறவை? என்ரை முதலாளி நாளுக்குப் பத்துத்தரம் சொல்லுறவன். அவவின்ரை வாயிலை அந்தச் சொல்லு வரேல்லை."

இரண்டு வருடத்தில் அவள் இப்படி ஒருநாளும் செய்ததில்லை. முகம் சூடேறிவிட்டது. மறைத்துப் பயனில்லை என்று லின்னிடமே திரும்பி, தான் செய்ததை இத்தாலியனில் சொன்னாள். லின் கழற்றிய ஊசிகளைப் பெட்டியில் போட்டு மூடினார். "அவர் உங்களை நம்பாவிட்டால் நாளைக்கு எனக்குச் சரியான பதில் வராது," என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு.

"அண்ணை, கடைசியாய்ச் சொன்னது என்ரை சொந்தச் சரக்கு. பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அருளையா பொத்தானைப் பூட்டி முடித்தார். "வாற செவ்வாய் எத்தினை மணிக்கு?" என்றார்.

மூன்றாம் தடவை வந்தபோது லின் கண்ணாடிக் கிண்ணங்களை எடுத்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் நெருப்பைக் காட்டி, காற்றை வெளியேற்றி, முதுகில் கவிழ்த்தார். தோல் உள்ளே இழுபட்டு உப்பியது. வட்ட வட்டமாக அடையாளம் வரும், நாலைந்து நாளில் அல்லது ஒரு கிழமையில் போய்விடும், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள் என்று லின் சொன்னதை நாகபூசணி ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்னாள். அருளையா தலையாட்டினார். ஆனால் வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வழியுமில்லை. செவ்வாய்க்கிழமைகளில் முதலாளி தன்னை வெளிவேலைக்கு அனுப்புகிறார் என்று மனைவி மரியமலரிடமும் மகனிடமும் சொல்லித்தான் வந்துகொண்டிருந்தார்.

அடுத்தநாள் பின்னேரம், கபோ சந்தையில் நாகபூசணி கத்தரிக்காய் தெரிந்துகொண்டு நின்றபோது போன் அடித்தது.

"அக்கா, நான் மரியமலர். றோபேட்டின்ரை அம்மா." குரல் தயங்கியது. "என்ரை மனுசன்ரை முதுகிலை கோப்பை அளவிலை எட்டு வட்டம். கேட்டால் அலுமாரி பட்டதாம். எந்த அலுமாரிக்கு எட்டு உருண்டைக் கால் இருக்கு? நீங்கள் வேலை செய்யிற இடத்திலை அப்பிடி ஏதோ செய்யிறவையாம் எண்டு கோயிலிலை ஒரு பிள்ளை சொன்னவ. இவர் அங்கை வாறவரோ?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லில் இந்தப் பெண்ணோடு ஒட்டிக்கொண்டு விடலாம் என்பது நாகபூசணிக்குத் தெரிந்தே இருந்தது.

"தங்கச்சி, ஆர் வாறவை போறவை எண்டு நான் சொல்லுறதில்லை. கண்ணாடிக் கப் வைச்சால் அப்பிடி வட்டம் வாறது உண்மை. அது நோயுமில்லை, காயமுமில்லை, தன்பாட்டிலை போயிடும். மிச்சத்தை நீங்கள் அவரைத்தான் கேக்கோணும்."

மரியமலர் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தாள். மூன்றுக்கும் அதே பதில்தான். கடைசியில் இருவரும் கத்தரிக்காய் விலையைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனை வைத்தார்கள்.

அடுத்த செவ்வாய் அருளையா நிமிர்ந்தே படியேறி வந்தார். முக்கால்வாசி நிமிர்வு. வாசலில் நின்று, "மனுசிக்கு எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்," என்றார். "நீங்கள் வாயே திறக்கேல்லையாம் எண்டு அவவுக்கு உங்களிலை கோவம்." அவருக்கு அதில் சந்தோஷம் என்பது முகத்தில் தெரிந்தது.

அன்றைக்கு லின் ஊசிகளைப் போட்டபின், காய்ந்த மூலிகையைச் சுருட்டுப் போல உருட்டிக் கொளுத்தி நாரிக்கு மேலே சூடு பிடித்தார். அறை முழுக்கப் புகை மணந்தது. பிறகு ஆடாமல் படுத்திருக்கச் சொல்லிவிட்டு அடுத்த அறை நோயாளியிடம் போனார். நாகபூசணி, அவசரத்துக்கு லின்னைக் கூப்பிடும் மணியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். கட்டிலின் ஓட்டைக்குள்ளிருந்து, தரையை நோக்கி, அருளையாவின் குரல் வந்தது. அவருக்கு அவளுடைய கால்விரல்கள் மட்டும்தான் தெரிந்திருக்கும். அதனால்தான் பேச வந்ததோ என்னவோ.

"உங்கடை மகள் பகேரியாவிலைதானே வேலை?"

"ஓம், பல் டொக்டரிட்டை."

"மூண்டு வருசமாய் றோபேட் பின்னேரத்திலை பகேரியா ரெயினிலை ஏறுறான். ஏன் எண்டு பட்டறையிலை எல்லாருக்கும் தெரியும். முதலாளிக்குத் தெரியும். வாசல்லை கோப்பி போடுறவனுக்கும் தெரியும். அவனோடை ஒரே பட்டறையிலை நிண்டு வேலை செய்யிற எனக்கு மட்டும் தெரியாது. அண்டைக்கு அவன் வந்து சொன்னபோது எனக்கு அதுதான் சுட்டது. அதைச் சொல்ல வெக்கமாய் இருந்தது. வாயிலை ஞானஸ்நானம் வந்திட்டுது."

நாகபூசணி கதிரையை விட்டு இறங்கித் தரையில் இருந்தாள். இப்போது அவருக்கு அவள் முழங்கால் தெரிந்திருக்கும்.

"எனக்கு எப்பிடித் தெரிய வந்தது எண்டு தெரியுமோ அண்ணை? கபோவிலை மீன் விக்கிறவன் சொன்னவன். நெத்தலி நிறுத்துப் போட்டு, மருமகன் நல்ல பெடியன் சிஞ்ஞோரா, வாழ்த்துகள் எண்டான். எந்த மருமகன் எண்டு நான் அவனையே திருப்பிக் கேட்டன்."

ஓட்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தாள். பிறகு முதுகு குலுங்கத் தொடங்கியது. பன்னிரண்டு ஊசியும் சேர்ந்து ஆடின.

"சிரியாதேங்கோ அண்ணை, ஊசி ஆடுது."

அதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு இன்னும் கூடியது. நாகபூசணி மணியை அடித்தாள். அடித்துக்கொண்டே அவளும் சிரித்தாள். ஓடிவந்த லின் ஊசிகளைச் சரிபார்த்து, இரண்டு பேரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏசுவது போல ஏசினார். கட்டிலில் சிரித்தால் ஊசி வளைந்துவிடுமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அருளையாவும் மரியமலரும் பஸ் ஏறிக் கபோவில் நாகபூசணியின் வீட்டுக்கு வந்தார்கள். பிரசாந்தினி யாருக்காகவும் பெயரோ மதமோ மாற்றத் தேவையில்லை என்று அருளையாவே முதலில் சொன்னார். கலப்புக் கல்யாணத்துக்கு ஆயரிடம் அனுமதி கேட்டு எழுதப் பங்குத்தந்தை ஒத்துக்கொண்டிருந்தார். கோயிலில் ஆசீர்வாதம் முடிந்ததும் மண்டபத்தில் தாலி கட்டுவது என்று நாகபூசணியின் கணவர் இராஜநாயகம் சொன்னார், அதற்கும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு, இத்தனை மாதம் எதற்கு என்று றோபேட் முணுமுணுத்தான். பிரசாந்தினி அவன் காலை மேசைக்கடியில் மிதித்தாள்.

எட்டாவது தடவையோடு லின் வைத்தியத்தை நிறுத்திக்கொண்டார். நாரி புதிதாகிவிடவில்லை. அலுமாரி தூக்குவது இனி இல்லை என்றாகிவிட்டது. முதலாளி அருளையாவை மெருகு போடும் பக்கத்துக்கு மாற்றினார். ஆனால் இரவில் அவர் ஒரே நித்திரையாகக் கிடக்கிறார் என்றும், குறட்டை தாங்க முடியவில்லை என்றும் மரியமலர் போனில் முறைப்பாடு சொன்னாள்.

ஏப்ரலில் கல்யாணப் பதிவுக்கு என்னென்ன பத்திரம் வேண்டும் என்று கேட்க மாநகர அலுவலகத்துக்கு யாராவது போகவேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு லீவு கிடைக்காததால் அருளையாவும் நாகபூசணியும் போனார்கள். நம்பர் துண்டை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போட்டிருந்த கதிரைகளில் இருந்தார்கள்.

"எங்கடை பக்கம் நூற்றைம்பது பேர் சம்மந்தி," என்றார் அருளையா.

"நூற்றைம்பதோ? மண்டபம் இருநூறு பேருக்குத்தான். எங்கடை சனம் வெளியிலை நிண்டோ சாப்பிடுறது?"

"மன்னாரிலை இருந்து வந்தவை ஒருத்தரையும் விடேலாது. விட்டால் அடுத்த ஞாயிறு நான் கோயிலுக்குப் போகேலாது."

"அப்ப நீங்கள் போகாதேங்கோ. நூறு."

"நூற்றிமுப்பது."

முன்னால் திரையில் அவர்கள் நம்பர் வந்து மினுங்கியது. மணியும் அடித்தது. பின்னால் இருந்த கிழவர் ஒருவர் இரண்டு பேரையும் பார்த்தார், அவர்கள் எழும்புகிற மாதிரித் தெரியவில்லை, அவர்களுடைய முறைக்குத் தானே எழுந்து போய்க் கவுண்டரில் நின்றுகொண்டார்.