உமரியின் சாட்சி

தசரதனின் அரை ஏக்கரில் நெல் செத்து மூன்று போகமாகிறது. வரப்பை ஒட்டியே சாயப்பட்டறையின் கழிவுநீர்க் கால்வாய். ஆரணிப் பட்டின் பெருமையெல்லாம் அலசப்பட்டு அதில்தான் வரும். நெல் போன இடத்தில் ஒரு செடி தானாக முளைத்தது. இலை என்று சொல்ல ஒன்றுமில்லை; கணுக்கணுவாய்ச் சதைப்பற்றுள்ள தண்டு, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் பூ, முற்றினால் முகூர்த்தப் புடவைச் சிவப்பு.

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் மைத்துனன் எல்லப்பன் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தான். "உமரி மாமா இது. உப்பு மண்ணுலதான் வரும். இதவிட சாட்சி இன்னா வேணும் உனக்கு?"

தசரதனுக்கு வேண்டியது ஒரே வரி. 'இந்த நிலம் உப்பேறிவிட்டது' என்று ஓர் அதிகாரி எழுதினால் கால்வாயைத் திருப்புவார்கள். இல்லையென்றால் அடுத்தது கிணறு. வீட்டுக்குக் குடிநீர் அதில்தான். ஒன்றரை வருடம் மனு கொடுத்தான். அதுவரை கழிவுநீர் உள்ளே வராதபடி மண்மூட்டை அடுக்கினான்.

அதிகாரி இராஜமாணிக்கத்தை பஸ் ஸ்டாண்டிலிருந்து வண்டியில் ஏற்றி வந்தபோது நிலம் கூடம்போல் துடைத்துக் கிடந்தது. பெரிய மனிதர் வருகிறாரே என்று மனைவி கன்னியம்மாள் ஒரு களை விடாமல் பிடுங்கி, வரப்பில் சுண்ணாம்புக் கோடும் போட்டிருந்தாள். சாட்சி விஷயத்தை அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஆண்கள் அதைப் பேசியபோது அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"மண்ணு பேசும் தசரதன். நமக்குத்தான் காது வேணும்," என்ற அதிகாரி உப்பு அளக்கும் கருவியை எடுத்தார். பேட்டரி இல்லை. மண் அன்று பேசவில்லை.

"செடி இருந்துச்சு சார். தோ, குப்பையில கீது பாருங்க."

"புடுங்கினத எங்கேர்ந்து கொண்டாந்தீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? வேரோட நிக்கணும். மூணு மாசத்துல வரேன், நின்னா எழுதறேன்." அன்றைக்கு அவர் எழுதியது: 'களையின்றி நன்கு பராமரிக்கப்படும் நிலம்.'

குப்பையில் பதினோரு செடிகள் தேறின. கணவனும் மனைவியும் நட்டு, கிணற்று நீர் ஊற்றினார்கள். நான்காம் நாள் ஏழு துவண்டன. தசரதன் எல்லப்பனுக்குப் போன் போட்டான்.

"நல்ல தண்ணிய ஊத்தினியா? உப்புத் தண்ணி காட்டு மாமா."

தசரதன் நேராகப் போய் முதல் மண்மூட்டையை இழுத்தான்.

"இன்னாய்யா பண்ற? கெணறு பக்கத்துலயே கீதே."

"செடி சாவக்கூடாதுல்ல."

கழிவுநீர் மயில்கழுத்து நிறத்தில் உள்ளே நுழைந்தது. கன்னியம்மாள் உள்ளே ஓடினாள். வீட்டிலிருந்த குடம், அண்டா, பக்கெட் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்து, கிணற்றில் இறைக்கத் தொடங்கினாள்.