பந்தியில் சொன்னது

கனிஷ்கா யாரிடம் பேசினாலும், பேசி முடித்துச் சற்றுத் தூரம் போன பின் திரும்பி வருவாள். "நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனாங்க?" என்று கேட்பாள். இல்லை என்ற பதில் தெருமுனை வரைக்கும்தான் அவளுக்குப் போதும். கல்லூரித் தோழிகள் சலித்துப் போயினர். பூக்கடைப் பூவாயி மட்டும் வம்பு செய்வாள்.

"ஆமா, ரொம்பக் கோவமா இருக்கறேன். ஒரு மொழம் பூ வாங்கிட்டு எத்தினி வாட்டி திரும்பி வருவ? அதுக்குத்தான் கோவம்."

கனிஷ்கா சிரிப்பாள். பிறகு, அந்தக் கோபம் உண்மையாக இருக்குமோ என்ற ஐயத்திலேயே வகுப்பில் பாடம் கேட்காமல் உட்கார்ந்திருப்பாள்.

அவளுடைய தந்தை உலகநாதன், விருத்தாசலத்துப் பீங்கான் ஆலை ஒன்றில் தரம் பார்ப்பவர். சூளையிலிருந்து ஆறி வரும் ஜாடிகளை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. நல்ல ஜாடி கணீரென்று ஒலிக்கும். அதைப் பேசாமல் நகர்த்திவிடுவார். கீறல் விழுந்தது மந்தமாக ஒலிக்கும். அதைத்தான் எடுத்து, காட்டி, காரணம் சொல்லி, 'செகண்ட்ஸ்' என்ற இரண்டாந்தரக் குவியலில் வைப்பார். அந்த வேலையில் நல்லதைப் பற்றிப் பேச்சே கிடையாது. அதே முறையை அவர் வீட்டுக்கும் கொண்டு வந்தார். மகளின் கோலத்தில் கோணிய இழை, மதிப்பெண் பட்டியலில் குறைந்த பாடம், விருந்தினர் முன் அவள் தடுமாறிய சொல் என்று குறையை மட்டுமே தொட்டுக் காட்டினார். அவளை அடித்ததில்லை. அதையே அன்பென்று நம்பினார்.

இப்படித்தான் ஒரு தாய் முயல் இருந்ததாம். மேகத்தின் நிழல் விழுந்தாலும் "பருந்து, பருந்து" என்று குட்டியை எச்சரித்தபடியே இருந்ததாம். அந்தக் குட்டி கடைசி வரை பருந்தைப் பார்க்கவில்லை. புல்லையும் ஒரு வாய் நிம்மதியாகத் தின்னவில்லை.

வகுப்பில் கட்டுரை வாசிக்க எழுந்த ஒரு நாள், கனிஷ்காவுக்கு மூச்சு முட்டியது. உயிர் போகப் போகிறது என்றே நினைத்தாள். தாய் சின்னம்மாள் அவளை மனநல மருத்துவர் மஹதியிடம் அழைத்துச் சென்றாள்.

"இது பைத்தியம் இல்லைம்மா, பதற்றம்," என்றார் மஹதி. "கொறையை மட்டுமே கேட்டு வளர்ந்த புள்ளைங்கள்ல சிலருக்கு, யாரும் சொல்லாமலே மனசு தன்னைத்தானே கொறை சொல்ல ஆரம்பிச்சிடும். இந்த வயசுலயே பார்த்துட்டா நல்லது. விட்டுட்டா அதுவே சுபாவமா இறுகிடலாம்."

பல வாரங்கள் கழித்துத்தான் கனிஷ்கா வாய் திறந்தாள். "வாசல்ல அப்பா செருப்புச் சத்தம் கேட்டா பயந்துபோயி ரூம் கதவச் சாத்திக்கறேன் டாக்டர்." தந்தையிடம் நேரில் சொல்ல அவளுக்குத் துணிவில்லை. மருத்துவரே அவரை அழைத்துப் பக்குவமாகச் சொல்லட்டும் என்று ஒப்புக்கொண்டாள். உலகநாதன் முழுவதையும் கேட்டுவிட்டு, "சரிங்கம்மா" என்று மட்டும் சொல்லி எழுந்து வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கருவேப்பிலங்குறிச்சியில், சின்னம்மாளின் தம்பி மாணிக்கவேல் வீட்டில் அவர் கடைக்குட்டி மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் யாரோ, பொண்ணுக்கு எப்ப கல்யாணம் என்று கேட்டார்கள். உள்ளே புண்பட்டிருந்த உலகநாதன் அதை வேடிக்கையாக்கினார்.

"எங்க கல்யாணம் பண்றது? எம்பொண்ணு என் செருப்புச் சத்தத்துக்கே பயப்படுதாம், டாக்டர்கிட்ட போயிச் சொல்லியிருக்குது. நம்ம வூட்டுது செகண்ட்ஸ் சாமான், என்ன பண்றது?"

பந்தியே சிரித்தது. அதே பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கனிஷ்கா சொம்பைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அவள் மருத்துவரிடம் போகவில்லை, கல்லூரிக்கும் போகவில்லை. தப்பாகச் சொன்னேனா என்று யாரையும் கேட்கவுமில்லை. எதையாவது சொன்னால்தானே கேட்பதற்கு?

சின்னம்மாள் ஒரு நாள் கணவருக்குச் சோறு போட்டுவிட்டுச் சொன்னாள். "நீங்க வேலைக்குப் போனப்புறம்தாங்க அவ சாப்புட வெளிய வரா. வாயத் தொறந்து ஒண்ணே ஒண்ணு சொன்னா. அத ஊரே சிரிக்கப் பண்ணிட்டீங்க. இனிமே யாருகிட்ட சொல்லுவா?"

அவர் கை சோற்றிலேயே நின்றது.

சில மாதங்கள் கழித்து, மாணிக்கவேலின் மூத்த மகனின் நிச்சயதார்த்தத்துக்கு அதே உறவினர்கள் கூடினார்கள். கனிஷ்கா வரவில்லை. இலை போட்டதும் உலகநாதன் உட்காராமல் நின்றார்.

"போன விசேஷத்துல எம்பொண்ணப் பத்தி ஒண்ணு சொன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க. உங்க மேல தப்பு இல்ல, சிரிக்கச் சொன்னவன் நான்தான். அவளுக்கு ஒடம்புக்கு முடியல. அந்த பயத்துல பாதி நான் குடுத்தது. நான் சொன்னது தப்பு."

"வுடுங்க மாமா," என்றார் மாணிக்கவேல் சங்கடத்தோடு. "அதெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிருக்கா?"

"அவ வெச்சிருக்கா."

அன்று மாலை அவர் மகளின் அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். கதவு சாத்தியிருந்தது. நிச்சயதார்த்தப் பந்தியில் ஒப்புக்கொண்டதை ஒரு சொல் விடாமல் மறுபடி சொன்னார்.

"தொறக்க வேணாம் பாப்பா," என்றார். "நாளைக்கு அந்த டாக்டரம்மாகிட்ட நான் போறேன். ஒன்னப் பத்திப் பேச இல்ல. என்னப் பத்திப் பேச."

மறுநாள் காலை, ஆலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மருத்துவமனை வராந்தாவில் நோயாளிகளோடு நோயாளியாகத் தம் முறைக்காகக் காத்திருந்தார்.