தெளிந்த ரத்தம்

அப்பாவின் ரத்தம் இவ்வளவு தெளிவாக இருந்ததே இல்லை. மெஷினில் சுழற்றி எடுத்த குழாயின் மேல்பாதி எப்போதும் பால் கலந்த தண்ணீர் போலக் கலங்கி நிற்கும். இந்த முறை கண்ணாடி. கெட்ட கொழுப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் அவள் சந்தோஷப்படத்தான் செய்தாள். ஆனாலும் குழாயை இன்னொரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இலை தழைக்கு இத்தனை வேகம் ஏது?

அக்கா புருஷன் கொழுப்பைக் குறைக்கும் மூலிகை கேப்சூல் விற்கிறவர்; அப்பாவுக்கும் அதைத்தான் கொடுத்துவந்தார். அன்று மாலை வீட்டில் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"பாத்தியா சோதனைக்குழாய்?" அவளுக்கு அவர் வைத்திருந்த பெயர் அது. "உன் மெஷினே என் மருந்துக்கு சலாம் போடுது. அந்த ரிப்போர்ட்டை அனுப்பு, நாலு பேருக்குக் காட்டணும்."

"டாக்டர் மாத்திரையை நிறுத்திட்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

அப்பா டீவியைப் பார்த்தபடி தலையை ஒரு மாதிரி ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பேச்சு அவளுக்குத் தொண்டை வரைக்கும்தான் வரும்.

அடுத்த வாரம் அப்பா சோபாவிலிருந்து கையூன்றித்தான் எழுந்தார். "தொடை ரெண்டும் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

"கொழுப்பு கரையுதுல்ல மாமா, அதான். கரையட்டும் விடுங்க" என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்.

மறுநாள் காலையில் அப்பா அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

"சிரிக்கக் கூடாது. ஒண்ணுக்குப் போனா பால் ஊத்தாத டீ மாதிரி வருதும்மா."

அவள் சிரிக்கவில்லை. "உண்மையச் சொல்லுங்கப்பா. மாத்திரையும் சாப்பிடுறீங்களா?"

"டாக்டரைப் பகைச்சுக்க முடியுமா? மாப்பிள்ளை முகமும் வாடக் கூடாது. காலையில இவரோடது, ராத்திரி அவரோடது." ஏதோ சாமர்த்தியம் செய்துவிட்டவர் போலச் சொன்னார்.

ஒரு கேப்சூலைப் பிரித்தாள். செங்கல் நிறத்தில் தூள். டப்பாவில், பூண்டுக்கும் வெந்தயத்துக்கும் கீழே, பொடி எழுத்தில் சிவப்புப் பூஞ்சை அரிசி. கல்லூரியில் படித்திருக்கிறாள். அந்தப் பூஞ்சை செய்யும் சரக்கும் டாக்டர் எழுதும் மாத்திரையும் ஒரே ஜாதி. அப்பா ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்கிக்கொண்டிருந்தார்.

"இனி ரெண்டையும் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். வெறும் சந்தேகத்தோடு அத்தான் முன்னால் போய் நிற்க அவளால் முடியாது. கையில் சாட்சி வேண்டும். சிறுநீரை ஒரு புட்டியில் வாங்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

சோதனைப் பட்டையை நனைத்ததும் ரத்தத்துக்கான கட்டம் கரும்பச்சையானது. ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். சிவப்பணு ஒன்றுகூட இல்லை. கண்ணாடித் துண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். வெறுமை. அப்படியானால் பட்டையைப் பச்சையாக்கியது ரத்தம் இல்லை. தசை. அளவு மீறிய மருந்தில் அப்பாவின் தொடைத் தசை உடைந்து சிறுநீரகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே அடைத்துக்கொண்டால் அவ்வளவுதான்.

அக்காவுக்குப் போன் செய்தாள். "அப்பாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. அந்த டப்பாவையும் எடுத்துக்க."

"என்னடி திடீர்னு? அத்தான்கிட்ட ஒரு வார்த்தை..."

"கேக்காதே. கிளம்பு."

அக்கா நடந்து போகும் சத்தம் கேட்டது. பிறகு, "எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்குறார்டி. இவ்வளவு நேரம் தூங்குறார்னு நெனச்சுட்டேன்."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். காத்திருப்போர் நாற்காலிகள் நிறைந்திருந்தன. நடுவில் அத்தான்.

"வா சோதனைக்குழாய்! எல்லாம் நம்ம கேப்சூல் சாப்பிடுற ஆளுங்க. மாமா ரிப்போர்ட்டைக் காட்டினேன், தங்களுக்கும் பாக்கணும்னு ஒரே அடம்."

"முதல்ல எனக்கு" என்று ஓரத்தில் இருந்தவர் எழப் பார்த்தார். நாற்காலியின் இரு கைகளையும் அழுத்தியும் எழ முடியவில்லை.

"கொழுப்பு கரையுதுப்பா" என்றார் பக்கத்து ஆள். எல்லோரும் சிரித்தார்கள்.

"உங்களுக்கு ஒண்ணுக்கு என்ன நிறத்துல போகுது?" என்று எழ முடியாதவரிடம் அவள் கேட்டாள். அந்த அறையில் அவள் குரல் அதற்குமுன் அவ்வளவு சத்தமாக எழுந்ததில்லை.

சிரிப்பு நின்றது. அவர் மெல்லத் திரும்பி அத்தானைப் பார்த்தார்.