சீவரத்தினம் சொன்ன ஓம்

மலேசியாவில் கிள்ளானை அடுத்த மேருவில் குடியிருந்த மாரியாயியின் மாமியார் பேசுவது, 1976 தைப்பூசம் கழிந்த வாரத்திலிருந்து, பேசி முடித்து ஒரு மணி நேரம் சென்ற பிறகே மற்றவர் காதில் விழுந்தது. காலை ஏழு மணிக்கு அந்தம்மாள் இடுப்பில் கை வைத்து வாயை அசைப்பார். சத்தம் வராது. எட்டு மணிக்கு ஏச்சு வந்து சேரும்போது மாரியாயி பாசாரில் மீன்காரனோடு பேரம் பேசிக்கொண்டிருப்பாள், அடுப்படியில் பூனைதான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். கிள்ளான் டாக்டர் ஒருவர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒரு பழுதும் இல்லை என்றார். ஆண்டு முடிவதற்குள் மாமியார் ஏசுவதையே விட்டுவிட்டார். பலன் உடனே தெரியாத வேலையில் அவருக்கு நாட்டமில்லை.

இதற்குக் காரணம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த அண்ணனும் தங்கையும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம். அண்ணன் சீவரத்தினம் அரசாங்க அலுவலகம் ஒன்றில் மனுக்களைப் பரிசீலித்து முடியாது என்று எழுதும் பிரிவில் இருந்தார். தங்கை குணபூசணி தினமும் பஸ் ஏறிக் கிள்ளான் போய், கப்பல் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் தட்டச்சு செய்துவந்தாள். அங்கிருந்த தமிழ்ச் சங்க மண்டபத்தில் ஒரு பொங்கல் விழாவில், வரவேண்டிய பேச்சாளர் வராமல் சபையார் எழுந்து போகத் தொடங்கியபோது, முன்வரிசையில் வழக்கம்போல ஒருவரோடொருவர் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்த இவர்கள் இருவரையும் சங்கச் செயலாளர் மேடையில் தள்ளிவிட்டார். யாருக்காவது வீட்டில் சிக்கல் இருந்தால் கேளுங்கள், இவர்கள் வழி சொல்வார்கள் என்று ஏதோ வாய்க்கு வந்ததை அறிவித்தார். அதன்பிறகு மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை அந்த மண்டபத்தில் நாற்காலி கிடைப்பது கஷ்டமாகிவிட்டது.

முறை எப்போதும் ஒன்றுதான். கேட்பவர் மேடைக்கு எதிரே தனி நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சிக்கலைச் சொல்லவேண்டும். சீவரத்தினம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி ஒரு யோசனை சொல்வார். மாரியாயிக்கு அவர் சொன்னது, மருமகள் விடியற்காலம் எழும்பி மாமியாருக்கு முன்னதாகவே கோப்பி வைக்கவேண்டும் என்பது. உடனே குணபூசணி, "அதெல்லாம் சரிவராது. மாமியின்ரை பேச்சைக் கிள்ளான் பஸ்ஸிலை ஏத்தி விடுங்கோ, ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வந்து சேரும்," என்றாள். அந்த பஸ்ஸில் வந்து களைத்துப்போயிருந்த பாதி மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியாக எந்தச் சொல்லுக்குச் சிரிப்பு எழுந்ததோ அந்தச் சொல் பலித்தது. சிரிப்பு வராத யோசனைகள், எவ்வளவு நல்லவையாக இருந்தாலும், ஒன்றும் செய்யவில்லை. அதனால் சீவரத்தினம் சொன்ன எதுவும் பலித்ததில்லை. டெங்கில் ஊர்த் தம்புசாமி, பக்கத்து வீட்டு மரத்தின் சருகெல்லாம் தன் வாசலில் விழுகிறது என்று முறையிட்டபோது அவர் வேலியை உயர்த்தச் சொன்னார். குணபூசணி, சொந்த வாசல் எதுவென்று தெரியும்படி மரத்துக்குக் கண்ணாடி போட்டுவிடச் சொன்னாள். அன்றிலிருந்து அந்த மரத்துச் சருகுகள் வேலிக்கு மேலே சற்று நின்று, திரும்பி, சொந்தக்காரன் வாசலிலேயே இறங்கின.

ஊருக்கெல்லாம் வழி சொன்ன இருவருக்கும் சொந்த வீட்டில் வழி இல்லை. தங்கை கரையேறாமல் அண்ணன் மணவறையில் உட்காருவது அவர்கள் குடும்பங்களில் வழக்கமில்லை. குணபூசணியின் சாதகம் சிரம்பான், ஈப்போ, சிங்கப்பூர், யாழ்ப்பாணம் என்று எல்லா இடமும் போய்த் திரும்பி வந்தது. அவளுக்கு முப்பத்துமூன்று ஆயிற்று, அண்ணனுக்கு நாற்பது நெருங்கியது. இதற்கிடையில் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டிய நாகையா, சரக்குச் சீட்டு வாங்க வரும் சாக்கில், அவள் மேசை முன்னால் தேவைக்கு அதிகமான நேரம் நின்றான். அவனுடைய அப்பா இந்தியாவிலிருந்து ரயில் தண்டவாளம் போட வந்தவர். யாழ்ப்பாணத்தார் அந்தப் பக்கம் பெண் கொடுப்பதில்லை. அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. பேச்சோடு பேச்சாக ஒரு தரம் அண்ணனிடம் சொல்லிப்பார்த்தாள், பெயரைச் சொல்லவில்லை. சீவரத்தினம் அலுவலகத்தில் எழுதும் சொல்லையே வீட்டிலும் சொன்னார். அண்ணன் சம்மதிக்காமல் அவள் படியிறங்க மாட்டாள். அண்ணனை விட்டால் அவளுக்கு வேறு யாரும் இல்லை, அவரும் கெட்ட மனிதர் இல்லை.

1979 ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், நாகையா அந்தத் தனி நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். "ஒரு பொண்ண புடிச்சிருக்கு சார். அதுக்கும் புடிச்சிருக்கு. அண்ணன்காரரு பெரிய ஆளு, ஒத்துக்க மாட்டாரு லா. நா என்ன செய்ய?" என்று கேட்டான். கிள்ளான் பஸ்ஸில் போய்வரும் ஆட்கள் வழியாக விஷயம் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தெரிந்திருந்தது. தெரியாதவர் சீவரத்தினம் ஒருவர்தான்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். அன்றைக்கு என்ன உற்சாகமோ, சுற்றறிக்கையை விட்டுவிட்டு நகைச்சுவையில் இறங்கினார். "தம்பி, அப்பிடியான அண்ணனுக்கு வாயிலை ஓம் எண்ட ஒரு சொல்லுக்கு மேலை இருக்கக்கூடாது. மிச்சச் சொல்லெல்லாத்தையும் பறிச்சுக் கடலிலை போட்டிட்டுப் போய்ப் பொம்பிளை கேளுங்கோ," என்றார். ஆமாம் என்பதற்கு யாழ்ப்பாணத்தார் ஓம் என்பார்கள். மண்டபம் சிரித்த சிரிப்பில் ஓடு அதிர்ந்தது. செயலாளர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். இத்தனை வருடத்தில் தன் வாய்ச்சொல்லுக்கு முதல் முறையாக எழுந்த சிரிப்பைக் கேட்டுச் சீவரத்தினத்தின் முகம் மலர்ந்தது. 'எப்படி?' என்பதுபோலத் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

அவளிடம் பதில் தயாராக இருந்தது. அந்த அண்ணன் வாயடைச்சுப் போனால் தங்கச்சியை ஆர் ஏசுறது என்று கேட்டிருந்தால் போதும், சிரிப்பு இவள் பக்கம் வந்துவிடும், அண்ணன் தப்பிவிடுவார். சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லவேண்டும். அவள் நாகையாவின் தேய்த்த சட்டையைப் பார்த்தாள். அண்ணனின் மலர்ந்த முகத்தையும் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. சிரிப்பு அடங்கியது, அடுத்தவர் வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலை கோப்பியில் சீனி போடவா என்று அவள் கேட்க, நீரிழிவுக்காரரான சீவரத்தினம் ஓம் என்றார். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். இன்னொரு சொல்லைத் தேடிப் பலமுறை வாயைத் திறந்தும் அதே ஓம் வந்தது. எழுத உட்கார்ந்தால் பேனாவும் அதையே எழுதியது. மூன்றாம் நாள் நாகையா தாயாரோடு தட்டெடுத்து வந்து பெண் கேட்டான். சீவரத்தினம் கிழக்கே பார்த்து உட்கார்ந்து ஓம் என்றார். ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது குணபூசணி அழுததைப் பார்த்தவர்கள் சந்தோஷம் என்று நினைத்தார்கள், பாதி அதுதான்.

அலுவலகத்தில் அவர் மேசைக்கு வந்த மனுக்கள் எல்லாம் நிறைவேறின. வரிசை படிக்கட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தபோது, மேலதிகாரிகள் அவரை யாரும் எதுவும் கேட்டு வராத ஒரு பிரிவுக்கு மாற்றினார்கள். கல்யாணத் தரகர் சிவசம்பு ஒரே வாரத்தில் மூன்று பெண்களைச் சொல்லி மூன்றுக்கும் ஓம் வாங்கிப் போய், சமாதானம் பேசவே ஒரு மாதம் அலைந்தார். கடைசியில் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்த மார்க்கிரட், தரகரில்லாமல் நேரே வந்து, என்னைக் கட்டுறீங்களா என்று கேட்டாள். நல்ல குடும்பமாக அமைந்தது. கோப்பிக்குச் சீனி வேண்டாமே என்றுதான் அவள் கேட்பாள், அவரும் ஓம் என்பார்.

சனிக்கிழமைகளும் நிற்கவில்லை. யார் எந்தச் சிக்கலைச் சொன்னாலும் அண்ணன் ஓம் என்றார், தங்கை மிச்சத்தைச் சொன்னாள், கூட்டம் முன்னைவிட அதிகம் சிரித்தது. நாகையாவே மூன்று தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மச்சானுக்குப் பேச்சு திரும்பி வர என்ன வழி என்று கேட்டான். மூன்று தடவையும் குணபூசணி வாரக்கணக்கில் யோசித்து வைத்ததைச் சொன்னாள். அவள் குரல் தழுதழுத்ததைக் கேட்டுவிட்டு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வேண்டிச் சொன்னால் அது நகைச்சுவையாவதில்லை.

அண்ணன் மனதார ஓம் சொன்னாரா என்பது அவளுக்குத் தெரியவே இல்லை. கேட்டால் ஓம் என்பார். கோபமா என்று கேட்டாலும் ஓம் என்பார். அதனால் அவள் கேட்கவில்லை. பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போனார்கள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போக்குவரத்து இருந்தது, பலகாரம் போயிற்று, வந்தது. அந்த ஒரு கேள்வி மட்டும் அப்படியே கிடந்தது.

1992இல் ஒரு சனிக்கிழமை, கிள்ளானிலிருந்து சந்திரகலா என்ற பெண் வந்து உட்கார்ந்தாள். "வீட்டுக்குச் சொல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டேங்க. அக்கா முகங்குடுத்துப் பேசுது, ஆனா மனசுல என்ன இருக்குன்னு தெரியல. அத எப்படி தெரிஞ்சுக்கிறது ஆன்டி?" என்றாள். சீவரத்தினம் ஓம் என்றார். கூட்டம் சிரித்துவிட்டுக் குணபூசணிக்காகக் காத்திருந்தது. அவளுக்கு நல்ல பதில் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. வாயைத் திறந்தபோது அது வரவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்டைக்கு எனக்குத் தெரியும் அண்ணை. தெரிஞ்சுதான் வாயைத் திறக்கேல்லை. என்னிலை கோவமோ?"

சீவரத்தினத்தின் உதடு பிரிந்தது. தும்மல் வருவதுபோல ஓம் கிளம்பி மேலே வருவதை முன்வரிசைக்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள். அவர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கன்னம் உப்பியது. முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி, கண்ணாடி மூக்கில் வழுக்கியது. நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார், பிறகு குனிந்தார், கையை மட்டும் எடுக்கவில்லை. மார்க்கிரட் பதறி மேடையேறப் போனவள் அவர் கண்ணைப் பார்த்துவிட்டு நின்றாள். ஐம்பதைத் தாண்டிய மனிதர் அப்படித் தத்தளிப்பதைப் பார்த்துப் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு மண்டபமே சிரித்தது. சிலர் சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்கள்.

கடைசியாக எதற்குச் சிரிப்பு எழுந்ததோ அது பலிக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்குக் கோபமே இருந்ததில்லையா, இல்லை அந்தச் சிரிப்பினால்தான் இல்லாமல் போனதா என்று குணபூசணி ஆராயவில்லை. சந்திரகலா தனக்குப் பதில் கிடைத்துவிட்டதாகச் சொல்லி எழுந்துகொண்டாள். சீவரத்தினம் இன்னும் பொத்திய கையோடுதான் நின்றார்.

குணபூசணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் வீட்டில் இன்றைக்குப் புட்டும் மீன்குழம்பும், சாப்பிட வருகிறீர்களா என்று கேட்டாள். அவர் கையை எடுத்து, "ஓம்," என்றார்.