கர்ட்டின் இடது கன்னம்

1

இந்தக் கதையை நான் திருடினேன். பறிகொடுத்தவள் பேஸ்பால் மைதானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரி.

அயோவாவில் ஓர் ஆற்றங்கரை ஊரில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். கோடையில் ஞாயிறு மதியம் என்றால் எனக்குப் போக்கிடம் மைதானம்தான். அவள் மடியில் உப்புப் போட்ட சூரியகாந்தி விதைப் பொட்டலம் இருக்கும். எங்கள் குழுவில் பந்து எறியும் பிட்சர் பந்தோடு கையைத் தூக்குவதற்குள் என்னை முழங்கையால் இடிப்பாள்.

"இப்ப மெதுவா வரும், பாருங்க."

மெதுவாகத்தான் வரும். ஒருமுறை சொல்லிப் பலித்தால் குருட்டாம்போக்கு. ஏழெட்டு முறை பலித்ததும் கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு எப்படிங்க தெரியுது?"

"அவர் என் வீட்டுக்காரர். மெதுவா போடப் போறார்னா இடது கன்னம் உப்பும். வாயில கவளத்தை ஒதுக்கி வச்ச மாதிரி. நல்லாப் பாருங்க."

பார்த்தேன். உப்பியது. அவள் சொன்னது அவ்வளவுதான். மீதி முழுக்க என் கைச்சரக்கு. அவளுக்கு ரெனே, வீட்டுக்காரருக்கு கர்ட் என்ற பெயர்களும் நான் வைத்தவை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"கர்ட் வெஸ்டர்லண்டின் தோளில் மூன்று தையல் தழும்புகள் இரு—"

வேண்டாம். முதல் வரியிலேயே தழும்பைக் காட்டி அனுதாபம் கேட்பது எனக்குப் பிடிக்காது.

"பதினேழு வருடம், பதினொரு ஊர், ஒரே மனைவி."

சோப்பு விளம்பரம்.

"அன்று காலை கர்ட்டின் மனதில் ஏதோ ஒன்று—"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவன் மனதில் ஒன்றும் இல்லை. இரண்டு முட்டை, தட்டு நிறைய உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டான். நன்றாகத் தூங்கியிருந்தான். அன்று அவனுடைய கடைசி ஆட்டம், வயது முப்பத்தெட்டு, கையோ நான்கு வருடமாக முனகிக்கொண்டிருக்கிறது. இத்தனையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் நிறைவாக இருந்தால் எழுதுகிறவன் என்ன செய்வான்?

நான் அவனைக் கிளறிப் பார்த்தேன். (எழுதும்போது பாத்திரங்களிடம் கேள்வி கேட்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.) பெரிய லீக்கில் நீ ஆடியது ஒரு செப்டம்பரில் ஒன்பதே ஆட்டம். அதில் உன் மெதுவான பந்தை மூன்று முறை வேலிக்கு அப்பால் அடித்தார்கள். கீழ்க் குழுவுக்குத் திருப்பி அனுப்பினார்கள், பிறகு கூப்பிடவே இல்லை. வருத்தமில்லையா?

"எங்கப்பா பன்னிக்குத் தீனி போட்டுச் சாப்பிட்டார். நான் பந்து எறிஞ்சு சாப்பிட்டேன். இதுக்குப் போய் யார்கிட்ட அழறது?" என்றான்.

ஆகவே கதையை ரெனேவின் பக்கம் நகர்த்தினேன். அவளிடம் ஒரு முள் இருந்தது.

3

கிரிக்கெட் கண்ணோடு வாசிப்பவர்களுக்காகச் சிறு விளக்கம். வேகப் பந்துக்கும் மெதுவான பந்துக்கும் கை ஒரே மாதிரிதான் சுழல வேண்டும். வேகம் என்று நம்பி அடிப்பவன் மட்டையை முன்கூட்டியே வீசிவிடுவான். பந்து சாவகாசமாகப் பின்னால் வரும். அவனுக்குத் தெரியாமல் இருப்பதில்தான் பிட்சரின் பிழைப்பு இருக்கிறது. தெரிந்துவிட்டால் அது வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தது போலத்தான்.

ரெனே கன்னத்தைக் கவனித்தது கல்யாணத்துக்கு முன்பு. பன்றிப் பண்ணை வீட்டுப் பெண்ணும் அல்ல, விளையாட்டு வீட்டுப் பெண்ணும் அல்ல. தபால் நிலையத்தில் கடிதம் பிரித்துக்கொண்டிருந்தவள். பந்து பிடிக்கும் கேட்சருக்கு அவன் காட்டும் சைகை அது என்று நினைத்துக்கொண்டாள். ஊர் ஊராகப் பந்தய மைதானங்களில் உட்கார்ந்து, சைகை காட்டுவது கேட்சர்தான், பிட்சர் வெறுமனே தலையாட்டுபவன் என்று அவளுக்குப் புரிய மூன்று வருடம் ஆயிற்று. அதற்குள் அவள் பிட்சரின் மனைவியாகிவிட்டாள். பிட்சர் வீட்டில் பெண்டாட்டி எறிவதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. ஒரு சொல் மண்டைக்குள் புகுந்தால் கை கோணிவிடும் என்று மூத்த மனைவிமார் முதல் நாளே சொல்லிவைப்பார்கள். அவளுக்கும் சொன்னார்கள்.

அதனால் அவள் கணவனிடம் சொல்லவில்லை. பக்கத்து இருக்கைகளிடம் சொன்னாள்.

(நானும் சொல்லவில்லை. இரண்டு கோடைகாலம் அந்தக் கன்னத்தைப் பார்த்துப் பின்வரிசைக்காரர்களிடம் பந்தயம் கட்டிப் பாப்கார்ன் தின்றேன். இதை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

4

கடைசி ஞாயிறு. எட்டாவது சுற்றில் கர்ட்டை இறக்கினார்கள். மூன்று பேருக்கு எறிந்தான். ஒருவன் அடித்தான், இருவர் வெளியேறினார்கள். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. அவன் தொப்பியைத் தூக்கிக் காட்டினான். கண் கலங்கினான் என்று எழுதி, அந்த வரியை அடித்துவிட்டேன், ஏனென்றால் அவன் கலங்கவில்லை.

ஆட்டம் முடிந்து ரெனே கர்ட்டோடு வேலியருகே நின்றிருந்தபோது கேட்சர் பெர்டோமோ போனை நீட்டிக்கொண்டு வந்தான். டொமினிக்கன் குடியரசுப் பையன், குழுவில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"பெரிசு, ஒண்ணு காட்டறேன். திட்டக் கூடாது."

"இன்னிக்கு யாரையும் திட்டறதா இல்ல. காட்டு."

"எதிராளிங்க உக்காந்திருக்கற பக்கம் ஒருத்தன் சிரிச்சிட்டே இருந்தான். என்னடான்னு வெளிய இருந்த பையனைப் படம் எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். உன் கன்னத்தைப் பாரு. மெதுவா போடறப்பல்லாம் பூரி மாதிரி எழும்புது. ஒண்ணு விடாம."

கர்ட் பார்த்தான். மறுபடி ஓட்டிப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"சரி," என்று போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"இத்தனை வருஷமா ஒருத்தரும் சொல்லலையா? அக்கா, உங்களுக்காவது தெரியாதா?"

"நான் போய் காரை எடுத்துட்டு வரேன்," என்றாள் ரெனே. கார் எதிரேதான் நின்றது.

5

அந்தத் தம்பதிக்குள் ஒரு சட்டம் உண்டு. மைதானத்திலிருந்து ஆற்றுப் பாலம் வரை ஆட்டத்தைப் பேசலாம். பாலத்தில் சக்கரம் ஏறியதும் பேச்சை அங்கேயே விட்டுவிட வேண்டும். தோற்ற நாட்களில் அவர்களைக் காப்பாற்றியது அதுதான். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஒரு பாலத்தைப் பார்த்து வைத்துக்கொள்வார்கள். இங்கே பாலம் மைதானத்திலிருந்து மூன்று மைல் தூரத்தில்.

முதலில் எழுதிய முடிவில் ரெனே சொல்லவில்லை. சொல்லாததைச் சாகும்வரை சுமந்தாள். இப்படிச் சுமப்பவர்கள் நாவல்களில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டாவதில் சொன்னாள், அவன் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிச் சோளக்காட்டுக்குள் நட— இல்லை, கர்ட்டுக்கு முட்டி வலி.

மூன்றாவது இது.

"கர்ட், எனக்குத் தெரியும்."

"என்னது?"

"கன்னம். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே தெரியும்."

அவன் ஜன்னலை இறக்கினான். தானியக் கிடங்கு ஒன்று கடந்து போனது.

"அந்த செப்டம்பர்ல?"

"மூணு பந்தும் எனக்கு முன்கூட்டியே தெரிஞ்சுது. அடிச்சவனுக்கும் தெரிஞ்சிருக்கு. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ அங்கேயே இருந்திருப்பே." அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன்னைக் கீழ இறக்கினது நான்தான் கர்ட்."

"அட போ. எனக்கும் தெரியும்."

"எப்ப, இப்பவா?"

"ரெண்டாவது வருஷமே. கோச் சொன்னார். வாயில பென்சிலைக் கடிச்சுக்கிட்டு ரெண்டு மாசம் எறிஞ்சேன். கன்னம் அடங்குச்சு, பந்து அல்வா மாதிரி நேரா போச்சு. தெரிஞ்சு வர்ற நல்ல பந்தா, தெரியாம வர்ற மட்டப் பந்தா? நான் நல்லதையே வச்சுக்கிட்டேன். அதுதான் இத்தனை வருஷம் சோறு போட்டுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பக்கத்துல இருக்கறவங்களை இடிக்கறது பந்து எறியற மேட்டுல நின்னா தெரியும். அவ்வளவு குஷியா இருப்பே. அதைக் கெடுப்பானேன்?"

ரெனே சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். பதினேழு வருடக் கனம் இறங்கியது. எழுதிய எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. பேனாவை மூடிவைத்துக் காபி போடப் போனேன்.

6

காபி ஆறுவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது.

முன்பே தெரிந்தவன் பெர்டோமோவின் போனை ஏன் அவ்வளவு நேரம் பார்த்தான்? தெரிந்திருந்தாலும் தன் முகத்தைத் தானே பார்ப்பது அதுதான் முதல் தடவை, அதனால் பார்த்தான் என்று சொல்லலாம். அல்லது அந்தக் கோச், பென்சில், அல்வா எல்லாவற்றையும் மூன்று மைலுக்குள் அவளுக்காகவே சமைத்தான் என்றும் சொல்லலாம். அப்படியானால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அதே பென்சிலைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

ஆனாலும் ஒன்றைச் சமாளிக்க முடியவில்லை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை எறிவதுதான் அவன் தொழில். அதில் அவனை எப்போதும் பிடித்துவிடுகிறவள் அவள். அவன் அதைச் சொன்னபோது அவள் கண் சாலையில் இருந்தது.

சக்கரம் பாலத்தில் ஏறியது. இனி ஆட்டத்தைப் பேசக் கூடாது. கடைசி ஆட்டமே முடிந்துவிட்ட பிறகு அந்தச் சட்டம் செல்லுமா என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

பாலத்தின் மறுமுனையில் போக்குவரத்து விளக்கு. சிவப்பு. ரெனே காரை நிறுத்துகிறாள். கர்ட் கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு ஆற்றைப் பார்க்கிறான். அவள் ஒருமுறை திரும்பி, "இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டால் போதும், கன்னத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். கேட்காமல், "சாப்பிட என்ன வாங்கலாம்?" என்றும் சொல்லலாம்.

இதில் எது அவன்மேல் அவள் வைத்த அன்பு என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் விளக்கைச் சிவப்பிலேயே விட்டுவிட்டு எழுந்துகொள்கிறேன். பச்சைக்கு மாற்றுவதற்கு முன் அவள் என்ன கேட்டாள் என்று நீங்கள் எழுதிவிடுங்கள். பின்னால் வண்டிகள் நிற்கின்றன.