சோளக் குதிரும் சுண்டெலியும்

மேற்றிசைக் கதிரவன் கூரைகளின்மேல் சாய்ந்து, புகைபோக்கிகளின் நிழல்களைத் தெருவின் குறுக்கே நீளக் கிடத்தியிருந்த பொழுது அது. தச்சுக்கூடத்தில் இழைப்புளி மரத்தைச் சுருள்சுருளாக உரித்துக்கொண்டிருக்க, கொல்லனின் துருத்தி ஓயாது பெருமூச்செறிய, பாரம் ஏற்றிய வண்டிகள் ஒன்றற்கொன்று வழிவிட மனமின்றி முறைத்து நிற்க, அத்தொழிலாளர் தெரு மாலையின் ஓய்வை எட்டுமுன் இன்னும் ஒருமுறை மூச்சுப் பிடித்து உழைத்துக்கொண்டிருந்தது. தெருவின் கோடியில், ஏனைய கட்டடங்களைவிடத் தலையளவு உயர்ந்து, முதுமையால் அன்றித் தொழிலால் நரைத்ததுபோல் சுவரெல்லாம் வெண்மாவு படிந்து நின்றது ஒரு மாவாலை.

அறிவார்ந்த படிப்பாளரே, அந்த ஆலையின் உள்ளமைப்பைச் சற்றே பொறுமையுடன் கேட்பீராக. ஓர் உயிர் அதில்தான் தொங்கப்போகிறது. ஆலையின் நடுவே, தரையிலிருந்து கூரையை எட்டும் அளவுக்கு, இரும்புத் தகட்டால் ஆன வட்டக் குதிர் ஒன்று நின்றது. மேலே அகன்று, அடியில் புனல்போல் குறுகும் அதன் வாயில் ஒரு மடைப்பலகை பொருத்தப்பட்டிருந்தது. பலகையை இழுத்தால் சோளமணிகள் தம் எடையாலேயே வழிந்து அரைவைக் கற்களுக்குள் பாயும், தள்ளினால் நிற்கும். மேலேயுள்ள பரணிலிருந்து நோக்குவோர்க்கு, நடுவில் ஒரு குழி நீர்ச்சுழிபோல் விழுந்திருப்பதும், சுற்றியுள்ள மணிகள் அக்குழியை நோக்கி உருண்டோடி மறைவதும் தெரியும். ஓடும்போது நீரை ஒத்திருக்கும் அம்மணிகள், ஒன்றை உள்ளே வாங்கிக்கொண்டபின் கல்லைப்போல் இறுகிப் பிடிக்கும்.

கீழே கற்களையும் மடையையும் கவனிப்பவள் அரைவைக்காரி. மேலே பரணில் நின்று தவசம் சீராக இறங்குகிறதா என்று காப்பவர் அவளுடைய தம்பி; அவருடைய உயரத்தைக் கண்டு தெருவே அவரை நெட்டை என்றழைத்தது. பொறியின் பேரிரைச்சலில் ஒருவர் குரல் மற்றவரை எட்டாதாகலின், அவ்விருவரும் தமக்குள் ஒரு வழக்கம் வகுத்திருந்தனர். மேலிருப்பவர் இரும்புச் சுவரைக் கழியால் தட்டினால், ‘ஓட்டம் மெலிந்துவிட்டது, மடையை இன்னும் திற’ என்று பொருள். மூடச் சொல்வதற்கு அவர்களிடம் தட்டல் எதுவும் இல்லை. மூடவேண்டிய வேளையைக் கீழிருப்பவளே அறிவாள் என்று விட்டுவிட்டார்கள்.

அரைவைக்காரியின் மகள், பள்ளி விட்டதும் பரணில் ஏறி வெற்றுக் கோணிகளை மடித்து அடுக்குவது வழக்கம். ஒன்பது அகவை நிரம்பிய அச்சிறுமி, மூலைமுடுக்கெல்லாம் நுழைந்து எதையும் உற்றுநோக்கும் இயல்பினள் ஆதலால், சுண்டெலி என்னும் பெயர் அவளுக்கு வாய்த்திருந்தது. அன்றும் அவள் ஒரு சணல் நூலைக் குழியின் நடுவே போட்டு, அது விழுங்கப்படுவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாக்க மடிக்கச் சொன்னா உள்ளயே பார்த்துட்டு இருக்க. அங்க என்ன படம் ஓடுதா?” என்றார் நெட்டை.

“நடுவுல போடுறது மட்டும் ஏன் மாமா உடனே கீழ போகுது? ஓரத்துல இருக்கிறது அப்படியே நிக்குதே.”

“நடுவுல இருக்கிறதுக்கு வேலை ஜாஸ்தி. ஓரத்துல இருக்கிறது உன்ன மாதிரி, வேடிக்கை பார்க்குது.”

அன்று வந்த சோளத்தில் ஈரம் இருந்தது. அது சுவரோரமாகக் கட்டிபிடித்து, பாறை விளிம்புபோல் தொங்கி நின்றது. நெட்டை கழியை எடுத்துக்கொண்டு, அதனை உடைக்கக் குதிருக்குள் கால் வைத்தார். உள்ளே இறங்குவோர் இடுப்பில் கட்டவேண்டிய கயிறு, மேலுள்ள உத்தரத்தில் முடியப்பட்டு ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

“மாமா, கயிறு.”

“ரெண்டு குத்து குத்திட்டு வந்துடுவேன். இதைக் கட்டி அவுக்குறதே தனி வேலை.”

இரண்டாம் குத்து விழுந்தது. கட்டி உடைந்தது; அதனோடு அவர் நின்ற இடமும் சரிந்தது. இமைப்பொழுதில் இடுப்பளவு புதைந்தவர், காலை உதற முயன்று மார்பளவு ஆனார். அச்சம் அறிவை மறைக்க, கையிலிருந்த கழியால் இரும்புச் சுவரை ஓங்கி ஓங்கித் தட்டினார். உதவி வேண்டி அவர் அடித்த அடி, கீழே நின்ற அக்காளின் செவியில் அன்றாடக் கட்டளையாகவே விழுந்தது. அவள் மடைப்பலகையை இன்னும் ஒரு பிடி இழுத்தாள். உடன்பிறந்தவனைத் தன் கையாலேயே மணிகளுக்குள் புதைக்கிறோம் என்பதை அவள் எங்ஙனம் அறிவாள்?

சுழியின் வேகம் கூடியதைச் சிறுமி கண்டாள். கண்ட கணத்திலேயே காரணத்தையும் கண்டாள்.

“தட்டாதீங்க மாமா. தட்டத் தட்ட அம்மா தொறக்குறாங்க.”

கழி நின்றது. அவள் பரண் விளிம்பில் குப்புறப் படுத்து, ஆணியில் தொங்கிய கயிற்றை அவர்பால் வீசினாள். அவர் அதனைக் கக்கத்தின்கீழ் சுற்றி முடிந்தார். ஆயினும் மணிகள் அவரைக் கீழ்நோக்கி இழுக்க, கயிறு வில்நாண்போல் விறைத்து உத்தரத்தை முனகவைத்தது. ஏணி வழியே இறங்கி ஓடினால், தாயை அடையுமுன் தவசம் அவர் வாயை அடைந்துவிடும். அவள் பார்வை கோணிகளின்மேல் விழுந்தது. நூலை விழுங்கிய குழி கோணியையும் விழுங்கும். கோணி பெரிது, அடியிலுள்ள மடைவாயோ சிறிது. ஒற்றைக் கோணி நழுவிப் போய்விடக்கூடும் என்று எண்ணியவள், இரண்டிரண்டாக முடிச்சிட்டுக் குழியின் நட்டநடுவே எறிந்தாள். முதல் முடிச்சு சுழன்று மறைந்தது. இரண்டாவதும் மறைந்தது. மூன்றாவது பாதி மூழ்கி, தயங்கி, அசையாது நின்றது. உருண்டோடிய மணிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

“அசையாம இருங்க மாமா. பேசவும் வேணாம்.”

“சரிங்க” என்றார் அவர், வாழ்நாளில் முதன்முறையாக அவளுக்குப் பன்மை வைத்து.

ஆனால் இடர் தீரவில்லை. வாய் அடைத்துக்கொண்டால் கீழிருப்பவர் இரும்புக் கம்பியால் குத்தித் திறப்பதே அவ்வாலையின் வழக்கம். இதனை நினைத்த சிறுமி, ஏணியில் பாதியைக் கால்களாலும் மீதியைச் சறுக்கலாலும் கடந்து கீழே விழுந்து எழுந்தபோது, தாய் கம்பியை மடைக்குள் நுழைத்துவிட்டிருந்தாள். கத்திப் பயனில்லை, கையைப் பிடித்து இழுத்தால் விளையாட்டென்று உதறுவாள். எனவே தாயை நாடாது சுவரை நாடி ஓடி, குழந்தைகள் தொடவே கூடாதென்று விலக்கப்பட்ட மின்விசைக் கைப்பிடியில் தன் முழு எடையையும் தொங்கவிட்டுக் கீழிழுத்தாள். கற்கள் முனகி நின்றன. ஆலையே வாயடைத்தது.

“ஏண்டி, அதைத் தொடாதேன்னு எத்தனை…”

“அம்மா, கம்பிய எடு. மாமா உள்ள மாட்டிக்கிட்டாரு.”

தாய் கம்பியை உருவி, மடைப்பலகையை அறைந்து மூடினாள்.

இரைச்சல் நின்றதை உணர்ந்து, அடுத்த கூடத்துத் தச்சர்கள் ஓடிவந்து பரணில் ஏறினர். கழுத்தளவில் நின்ற நெட்டையைக் கண்டதும், தலைமைத் தச்சர் கயிற்றைப் பற்றி, “எல்லாரும் சேர்ந்து இழுங்கப்பா” என்றார்.

“இழுக்காதீங்க” என்றாள் பின்னாலேயே ஏறிவந்த சுண்டெலி. “இழுத்தா அது விடாது, உடம்புதான் பிஞ்சு போகும். பலகைய அவரைச் சுத்திப் பெட்டி மாதிரி இறக்குங்க. பெட்டிக்குள்ள இருக்கிறத மட்டும் அள்ளுங்க.”

“உனக்கு யாரு சொன்னது?”

“சோள அண்டாவுல ஒரு நாள் என் கால் மாட்டிக்கிச்சு. இழுத்தா வரல. சுத்தி அள்ளினேன், வந்துடுச்சு.”

“எப்போ?” என்றாள் மகளின் பின்னே ஏறிவந்திருந்த தாய்.

“அது… உனக்குத் தெரியாது.”

தச்சருக்குப் பலகையின் மொழி நன்கு விளங்கும். நீண்ட பலகைகளைப் பரப்பி அவற்றின்மேல் படுத்து, வேறு நான்கை அவரைச் சுற்றி மணிகளுக்குள் அசைத்து அசைத்து இறக்கினர். வெளியிலுள்ள தவசம் இனி உள்ளே சரியாது என்பதால், படியாலும் வாளியாலும் அள்ள அள்ளத் தோள் வெளிப்பட்டது, பின் மார்பு, பின் இடுப்பு. முழங்கால் விடுபட்டதும் கயிறு தானே தளர்ந்தது. வெளியே கொணர்ந்து பரணில் கிடத்தியபோது, மாவுபூசிய முகத்தில் கண்கள் மட்டும் மின்ன, அவர் முதலில் சொன்னது இதுதான்:

“செருப்பு ஒண்ணு உள்ளயே போச்சு. மாவுல வந்தா எடுத்து வைங்க.”

சிரிப்பு எழுந்தது. அரைவைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. தன் வலக்கையை விரித்துப் பார்த்தபடி, “நான்தான் இழுத்தேன், தம்பி” என்றாள்.

“நான்தான் தட்டினேன், அக்கா. விடு. மூடுறதுக்கு ஒரு தட்டு நமக்குத் தோணவே இல்ல பாரு.”

அவ்வேளை, மாவு வாங்கக் காத்திருந்தோர் வாயிலில் பொறுமையிழந்து குரல் கொடுத்தனர். “என்னக்கா, இருட்டப் போகுது. மில்ல யாரு நிறுத்தினது?”

அரைவைக்காரி மகளின் தோளைப் பற்றி வாயிலுக்கு அழைத்துச் சென்றாள். உயிரே போனாலும் ஓட்டத்தின் நடுவில் கற்களை நிறுத்தவிடாத அவள், தெருவெல்லாம் கேட்கும்படி, “என் பொண்ணு நிறுத்தினா” என்றாள்.

அஞ்சாமை என்பது அச்சத்தை அறியாமை என்பார் உளர். அச்சிறுமியின் கால்கள் இறங்கும்போது நடுங்கியதை அந்த ஏணி அறியும்; நடுங்கிய கால்களோடேயே அவள் இறங்கினாள் என்பதையும் அது அறியும்.