பாதாம் காட்டிய அரண்மனை

ஒரு கல்யாணக் கூட்டத்தை மூன்று நாள் கோட்டைக்கு ஏற்றி இறக்கியதில் வழிகாட்டி ஹேம்ராஜுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நான்காம் நாள் காலை மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. அதிமதுரம் மென்றான், உப்புநீர் கொப்பளித்தான். ஒன்றும் பலிக்கவில்லை. பத்து மணிக்கு இந்தூரிலிருந்து வந்த ஜோக்லேகர் தம்பதி அரண்மனைச் சரிவின் அடியில் காத்திருப்பார்கள். பூந்தி நகரின் மற்ற வழிகாட்டிகளுக்கும் அன்று ஓய்வில்லை.

ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவி பாதாம் தலை நிமிராமல் சொன்னாள்: "நான் வந்து பேசறேன்."

ஹேம்ராஜ் கையை விரித்தான். நீயா?

"ஏன்? இருபது வருஷமா நீங்க முகம் மழிக்கிறப்போ ஒப்பிக்கிறதை யாரு கேக்கறா, கண்ணாடியா? 'மதிப்புக்குரிய விருந்தினர்களே! யானை வாசலுக்கு உங்களை வரவேற்கிறேன்.' அப்புறம் நீங்க ஒரு இருமல் இருமுவீங்க. அதுகூட எனக்கு மனப்பாடம்."

அத்தனை வருடமும் அந்த அரண்மனைக்கு நேர் கீழே குடியிருந்தவள், ஒருமுறைகூட அதற்குள் போனதில்லை.

முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக் கணவனோடு கடைத்தெருவைக் கடந்தாள். சரிவின் அடியில் நின்ற ஜோக்லேகர் தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், கையில் குறிப்பேடு. அவர் மனைவி சுதா முழங்கால் வலிக்காரி. ஹேம்ராஜ் ஒரு காகிதத்தை நீட்டினான்: 'குரல் இல்லை. மனைவி பேசுவாள். தப்பாகச் சொன்னால் நான் கை தட்டுவேன்.'

"எங்க வீட்லயும் அதே ஏற்பாடுதான்," என்றார் ஜோக்லேகர். "ஆனா தட்டறது அவ."

தேய்ந்து வழுக்கும் கற்களில் நால்வரும் மெல்ல ஏறினார்கள். பாதாம் தரையைப் பார்த்தபடியே ஒப்பித்தாள். ராஜாக்களின் பெயர்களும் வருஷங்களும் பிசகாமல் வந்தன. வாசலின் கீழ் வந்து அண்ணாந்தபோதுதான் பேச்சு நின்றது. இரண்டு கல் யானைகள் தலைக்கு மேலே தும்பிக்கை கோத்து நின்றன.

"அய்யோ, இவ்ளோ பெரிசா!"

"நீங்க முன்னாடி பாத்ததில்லையா?" என்றாள் சுதா.

"எங்கக்கா? கீழ மாடு, மாமியார், ரெண்டு பசங்க. அரண்மனை எங்க ஓடிப்போகப்போகுதுன்னு இருந்துட்டேன்."

சுதா சிரித்தாள். பாதாமும் முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டாள்.

சித்திரக்கூடத்தில் சுவரெல்லாம் நீலமும் பச்சையும். மூலையில் இருந்த ஓர் ஓவியத்தருகே வந்தார்கள். அதில் ஒரு பெண் மாடத்தில் தனியே உட்கார்ந்திருந்தாள். பாதாம் கணவனின் குரலிலேயே குழைந்தாள்: "போருக்குப் போன ராஜா திரும்பல. ராணி கண்ணீர் விடறா. இந்தக் கண்ணீர்லதான் நம்ம..." நிறுத்திவிட்டுச் சுவரை நெருங்கிப் போனாள்.

"இவ அழலியே."

பின்னால் பட்டென்று கைதட்டல்.

"நீங்க தட்டுங்க, தட்டாம போங்க. அக்கா, இங்க வந்து பாருங்க. விரல் கண்ணுகிட்ட இருக்கு, இந்தக் கையில சிமிழ். மை இட்டுக்கறா. மை இடறப்போ வாய் தானா கொஞ்சம் திறந்துக்கும். எனக்கும் அப்படித்தான்."

"அட, ஆமா!" என்றாள் சுதா. "புருஷன் எங்கயோ போயிருக்கான், இவ நிம்மதியா உக்காந்து மை இடறா."

ஜோக்லேகர் குறிப்பேட்டைப் புரட்டினார். "அழறான்னு எழுதிட்டேனே. அடிக்கணுமா?"

எல்லோரும் ஹேம்ராஜைப் பார்த்தார்கள். அவன் மூக்கு சுவரில் இடிக்குமளவு குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு யாரையும் பாராமல் அடுத்த அறைக்கு நடந்தான். அதற்குப்பின் அவன் கைதட்டவில்லை. பாதாம் மிச்ச அறைகளை ஒரு வார்த்தை கூட்டாமல், அவன் சொல்லுகிறபடியே சொல்லி முடித்தாள்.

மேலே இருந்த கோட்டைக்கு ஏற சுதாவின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. விடைபெறும்போது பாதாமின் கையைப் பிடித்து, "நீங்களே நாளைக்கும் வாங்களேன்," என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். ஹேம்ராஜ் காதில் விழாதவன் போல நின்றான்.

அவர்கள் போனதும் பாதாம் கேட்டாள்: "கோவமா?"

அவன் தொண்டையைச் செருமினான். கரகரவென்று பாதிக் குரல் வந்தது. "நான் சொல்லிக் கேட்டு அந்தப் படத்துக்கு முன்னாடி எத்தனை பேர் அழுதிருக்காங்க, தெரியுமா?"

"தெரியும். வீட்டுக்கு வந்து சொல்லுவீங்களே."

"நாளைக்கும் அழறான்னுதான் சொல்வேன். ஜனங்களுக்கு அதுதான் புடிக்கும்."

"சொல்லுங்க. நீங்க சொன்னா நல்லாத்தான் இருக்கு. ஆனா நமக்குத் தெரியுமில்ல."

அவன் உதட்டைக் கடித்துப் பார்த்தான். அடக்க முடியாமல் சிரித்துவிட்டான், சத்தமே இல்லாமல், தோள் குலுங்க.

பாதாம் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மேலே போகும் பாதையைக் காட்டினாள். "வந்தது வந்தாச்சு. கோட்டையையும் பாத்துடலாம்."

குரங்குகளை விரட்ட அவன் ஒரு கழி ஒடித்துக்கொண்டான். முள்ளுக்கும் இடிந்த மதிலுக்கும் நடுவே, ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். உச்சியில் பாறையைக் குடைந்த குளத்தில் பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மதிலோரம் சாய்ந்து பாதாம் கீழே பார்த்தாள். நவல் சாகர் ஏரியின் நடுவே பாதி மூழ்கிய சிறு கோயில். கரையோரம் நீல வீடுகள். தன் வீடு எது என்று தேடினாள், அகப்படவில்லை. கேட்டால் அவன் காட்டியிருப்பான். கேட்கத் தோன்றவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.